பேரம் பேசாத ஆள்

வில்னா நகர மீன்சந்தையில் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் அரசாங்கம். அன்று காலை ஃப்ருமாவின் உப்புமீன் பீப்பாய் முன் வந்து நின்ற மூக்குக்கண்ணாடிக்காரன் பைத்தியமாகத் தெரியவில்லை. கையில் நோட்டு, காதில் பென்சில்.

"மீன் என்ன விலைங்க?"

"நாப்பது க்ரோஷன்."

"சரி, குடுங்க."

இருபத்தைந்து பெறாத மீன் அது. ஃப்ருமாவுக்கு முகம் வெளுத்தது. எதிரே பொத்தான் கடையில் இருந்த நான், எண்ணிக்கொண்டிருந்த பொத்தான்களை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் கடை உரிமம் செத்துப்போன புருஷன் பேரிலேயே இருந்தது. அதிகாரி மோப்பம் பிடித்தால் அன்றோடு கடை மூடல்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"பேரு நிசன். நம்ம யூத ஜனங்க பேசுற யித்திஷ் மொழிக்கு அகராதி போடறோம், அதுக்குச் சொல் சேகரிக்கிறேன். பேரம் பேசுறதுக்கு 'டிங்கென்'னு சொல்றோமே, அதைச் சந்தையில எப்படிப் புழங்குறாங்கன்னு கேக்க வந்தேன்."

"இங்க யாரும் பேரமே பேசுறதில்ல. எல்லாம் ஒரே விலை" என்றாள், பேரம் பேசாமல் மூச்சுகூட விடாதவள்.

அவன் உற்சாகமாகிவிட்டான். "பழைய ஜெர்மன் சொல்லுங்க அது! அந்தக் காலத்துல ஊர் கூடி வழக்கு விசாரிக்கிறதைத்தான் அப்படிச் சொன்னாங்க. வாதம் பேசி, முடிவு கட்டி..."

"செலிக், கேட்டியா? விசாரணைன்றான்!" என்று என்னைப் பார்த்து அலறினாள்.

"அக்கா, நம்ம ஆளான்னு பாக்க ஒரே வழிதான். அவனைப் பேரம் பேசச் சொல்லு."

"எங்க, பேசு பாப்போம்."

அவனுக்கு வியர்த்தது. "முப்பத்தொம்பது?"

"எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா பேசும்!"

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மீனைத் தூக்கி முகர்ந்தான். "இருபது. இது செத்து வருஷ நினைவுநாளே வந்திருக்கும் போல."

"வாய்க்கொழுப்பப் பாரு! முப்பது."

மீனைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தான். மூன்று எட்டு வைத்தான். நாலாவதும் வைத்தான்.

"டேய், வாடா இங்க! இருபத்தஞ்சு. எடுத்துத் தொலை."

ஃப்ருமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான்: "சொன்னவங்க பேரு, தொழில் போடணும். உங்க பேரு?"

அவள் விரல் என் கடைப் பக்கம் நீண்டது.

"செலிக்னு போட்டுக்க. பொத்தான் வியாபாரி. எல்லாம் அவன் சொல்லிக்குடுத்ததுதான்."

போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து கண்ணாடி போட்ட எவன் வந்து விலை கேட்டாலும், முதலில் அவனை விலைக்கு நன்றாகச் சண்டை போடவிட்டுத்தான் பொத்தானைக் காட்டுகிறேன்.