மெயில் வேலை

1

சங்கத்தின் பொங்கல் மலருக்குச் சிரிப்புக் கதை ஒன்று வேண்டும் என்று கல்யாணி போன் செய்தாள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான், பெரிய உந்துதல் ஒன்றும் கிடையாது. "நம்ம தேவராஜா கதையையே எழுதுங்க வேதா, எல்லாரும் சிரிச்சாங்களே" என்றாள். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது.

முதல் தொடக்கம்:

1978ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை, மெல்பேர்ன் வானம்

[வேண்டாம். இந்த ஊர் வானத்தை எழுதத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் மூன்று தரம் திருத்த வேண்டிவரும்.]

இரண்டாம் தொடக்கம்:

தேவராஜா இலங்கையில் மெயில் வண்டியில் தபால் பிரித்தவர். நர்ஸ் வேலை கிடைத்து முன்னதாகவே வந்துவிட்ட மனைவி யோகாவைத் தேடி மெல்பேர்னுக்கு வந்தவர், பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தார். மெயில் வேலைக்கு ஆள் தேவை, பொறுமையும் நிதானமான கையும் வேண்டும். கோட்டு மாட்டிக்கொண்டு, தபால் இலாகா நற்சான்றிதழோடு மல்கிரேவில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஹங்கேரிக்காரர் ஒருவர் நாடகக் குழுக்களுக்கும் மியூசியங்களுக்கும் பழங்காலப் போர்ச் சட்டைகள் செய்துகொண்டிருந்தார்.

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் கவசத்துக்கும் ஆங்கிலத்தில் மெயில் என்றுதான் பெயராம்.

2

இந்த இடத்தில்தான் எனக்கு அலுப்புத் தட்டுகிறது. கதையின் முடிச்சு ஆங்கிலத்தில் கிடக்கிறது. தமிழில் தபால் தபால்தான், கவசம் கவசம்தான். ஒன்றை மற்றொன்றாக நினைக்க எந்த மடையனுக்கும் வழியில்லை. பழந்தமிழில் தேடினால் மெய்ம்மறை என்று ஒரு சொல் இருக்கிறது. உடம்பை மறைப்பது என்று பொருள். மெய் என்றால் உண்மையும்தானே என்று வாசகர் குறும்பு செய்தால் நான் பொறுப்பல்ல.

* அடிக்குறிப்பு போல: கம்பியை ஒரு தண்டில் சுருளாகச் சுற்றி நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். முனைகளைத் தட்டையாக்கித் துளையிட்டு, ஒவ்வொன்றையும் பக்கத்து நான்கு வளையங்களில் கோத்து, சின்ன ஆணி அடித்து மூட வேண்டும். முதலில் இதைச் செய்தவர்கள் கெல்ட் மக்கள் என்கிறார்கள். ரோமர்கள் அவர்களோடு சண்டையும் போட்டு, அவர்கள் சட்டையையும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். வாள் வெட்டு இதில் இறங்காது. ஓங்கி அடித்தால் மட்டும் அடி உள்ளே போய் எலும்பை உடைக்கும். அதனால் அடியில் தடித்த துணி போட்டுக்கொண்டார்கள்.

[கல்யாணி, இதை வெட்டிவிடாதே. நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தது.]

3

அன்று சாயங்காலம் யோகா கேட்டாள்.

"வேலை கிடைச்சதோ?"

"ஓம். மெயில் வேலை."

"அப்பாடா! போஸ்ட் ஒஃபிஸ்தானே?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவ்வளவுதான். யோகா ஊரெல்லாம் சொன்னாள். அனுராதபுரத்தில் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த தம்பி சிறிக்கும் எழுதினாள். அத்தான் போஸ்ட் ஒஃபிசில், உனக்கும் இடம் எடுத்துத் தருவார், வேலையை விட்டுவிட்டு வா. சிறி ராஜினாமா கொடுக்கப்போகிறான் என்று தெரிந்ததும் தேவராஜா அவளிடம் உண்மையைச் சொன்னார்.

"யோகா, நான் போஸ்ட் ஒஃபிசில இல்லை. இரும்புச் சட்டை பின்னுறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" அவள் கதிரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். "அவன் வேலையை விட்டுட்டானே. நேற்றுத்தான் தந்தி வந்தது."

விருந்துகளில் எல்லோரும் சிரிப்பது இந்த இடத்தில்தான். மலருக்கு இவ்வளவு போதும், முற்றும் போட்டுவிடலாம்.

4

போட முடியவில்லை. சிறி வந்தான். கார்த் தொழிற்சாலையில் இரவு வேலை. தேவராஜாவை அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். "பென்சன் உள்ள வேலை. இவற்ற கதையை நம்பி விட்டனான்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வான். தேவராஜா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் யோகா என் வீட்டுக்கு வந்தாள். கதை எழுதப்போகிறேன் என்றேன்.

"வேதா அக்கா, எனக்கு முதல் கிழமையே தெரியும். சேட்டுத் தோய்க்கேக்க பொக்கற்றுக்குள்ள இரும்பு வளையம். போஸ்ட் ஒஃபிசில வளையமோ?"

"அப்புறம் ஏன் தம்பிக்கு அப்படி எழுதினே?"

"எழுபத்தேழுக் கலவரத்தில தமிழரைத் தேடித் தேடி அடிக்கேக்க கூரைக்கு மேல படுத்துக் கிடந்து உயிர் தப்பினவன். ஆறு மாதத்தில திரும்பவும் அதே கந்தோருக்குப் போயிட்டான். நிரந்தர உத்தியோகமாம். இஞ்ச அரசாங்க வேலை எண்டு சொல்லாட்டி வருவானோ?"

"இப்பவாவது தேவராஜாகிட்ட சொல்லிடலாமே. பாவம், தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது அக்கா. சிறியிட்டச் சொல்லிப்போடுவார். நான் ஏமாத்தினது தெரிஞ்சா சிறி திரும்பிப் போயிடுவான். சரியான ரோசக்காரன்."

அவளே எழுந்து டீக் கோப்பைகளைக் கழுவினாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

5

முடிவு அ: யோகா சொன்னதை எழுதிவிடுகிறேன். தேவராஜா நிமிர்கிறார், சிறி விமானம் ஏறுகிறான்.

முடிவு ஆ: எழுதாமல் விடுகிறேன். சிறி இங்கேயே உயிரோடு இருக்கிறான், தேவராஜா இன்னும் குனிந்து

[ஊரையும் பெயரையும் மாற்றலாமே என்பீர்கள். மெல்பேர்னில் இரும்புச் சட்டை பின்னும் தமிழர் எத்தனை பேர்?]

போன ஞாயிறு சங்கக் கூட்டம் முடிந்து தேவராஜாதான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். பின்சீட்டில் சிறி. கிளென் வேவர்லி ஸ்டேஷன் சிக்னலில் கார் நின்றது. அவர் திரும்பாமல் கேட்டார்.

"வேதா அக்கா, நான் ஒரு கிழமை முந்திச் சொல்லியிருந்தா இவன் அங்க நல்லா இருந்திருப்பான், என்ன?"

சிறி ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினான். நான் தொண்டையைச் செருமினேன்.

"                                        "

என்னால் ஆகவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் பின்சீட்டுக்குக் கேட்கும்.