சீட்டில் இருந்ததை வாசித்தவர்

"யாரு எந்தச் சீட்டைக் குடுத்தாலும் வாசிச்சிடுவீங்களா இக்கா?" கல்யாணமான புதிதில் என் கணவர் ஜௌஹரிடம் கேட்டேன்.

"மைக் முன்னால நிக்கிறவனுக்கு வேற என்ன வேலை?"

"தப்பா எழுதியிருந்தா?"

"அது எழுதினவன் பாடு. ஒரு தடவை, கோல்கீப்பருக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு சீட்டு வந்துச்சு. வாசிச்சேன். மைதானமே கைதட்டுச்சு. அவனுக்குக் கல்யாணமே ஆகலை."

அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்கள் ஊர் அரீக்கோட்டைச் சுற்றி எங்கே செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, நடந்தாலும் ஜௌஹரின் அறிவிப்புதான். இடி மாதிரிக் குரல். வீட்டில் மட்டும் அது தாழ்ந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்து தலை கோதிவிடுகிற மாதிரி. அந்தக் குரல் எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

நான் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ். புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாட்களில், வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்குவேன். போன மழைக்காலத்தில் ரம்ஷீனாவின் வீட்டுக்குப் போனபோது அவள் இடுப்பில் கைக்குழந்தையோடு போனை நீட்டினாள்.

"ஷார்ஜாவுலேர்ந்து இவ வாப்பா அனுப்பினது சிஸ்டர். நீங்களே கேளுங்க."

'பிரியமுள்ள உம்மாமார்களே' என்று தொடங்கியது. இந்த ஊசி போட்டால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்தத் தாழ்ந்த குரலை எனக்குத் தெரியாதா?

அதன்பின் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் அதே குரலைக் கேட்டேன். பள்ளிக்கூடத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில், கல்யாண வீட்டுக் குழுவில், ஃபேஸ்புக்கில் யாரோ ஒட்டிய குழந்தைப் படத்துக்குப் பின்னால். கீழே அழுகிற முகங்களும் 'எல்லாருக்கும் அனுப்புங்க' என்ற கட்டளையும். அது பொய் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். பலர் என் பேச்சைக் கேட்டார்கள். வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. ஜௌஹருக்குப் பெருமை என்று இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். அதைப் பிடுங்க மனம் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினோரு மாதம் ஓடிவிட்டது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி ரம்ஷீனாவிடம் போனேன். பக்கத்து வார்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. அவள் மகள் ஹைஃபாவுக்கு ஒன்றரை வயது, ஒரு ஊசிகூடப் போடவில்லை. குழந்தை என் பையின் பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்றது புரியுது சிஸ்டர். ஆனா அந்தக் குரலு பொய் சொல்ற மாதிரியே இல்ல. அவரே தப்புன்னு சொல்லட்டும், மறுநாளே தூக்கிட்டு வர்றேன்."

மாலை ஜௌஹர் மத்தி மீனும் கப்பக்கிழங்கும் வாங்கி வந்தார். அடுக்களையில் நின்று, நான் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டை மைதானக் குரலில் வாசித்தார்.

"அடுத்ததாகக் களம் இறங்குவது, கால் கிலோ சின்ன வெங்காயம்..."

"போதும், பக்கத்து வீட்ல சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். டிக்கெட் இல்லாத ஆட்டம்தானே."

கறிவேப்பிலை வாசனையும் அவர் சிரிப்புமாக வீடு நன்றாக இருந்தது. கெடுக்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, போனை எடுத்து அந்தப் பேச்சை ஓடவிட்டேன்.

முதல் வரியிலேயே அவர் கை வெங்காயத்தின் மேல் நின்றது. முடியும் வரை கேட்டார்.

"மூணு வருஷம் இருக்கும்," என்றார். "கொண்டோட்டி ஆட்டத்துல, இடைவேளைல ஒருத்தன் சீட்டு குடுத்தான். தாய்மாருக்கு ஆரோக்கியச் செய்தி, மெதுவா பேசுங்கன்னு பதிவு பண்ணப் போனை நீட்டினான். வாசிச்சேன். மறந்தே போச்சு." வெங்காயத்தைத் தள்ளி வைத்தார். "எத்தனை வீட்ல கேட்டே?"

"எண்ணுறதை விட்டுட்டேன்."

"அப்பவே ஏன்டி சொல்லலை?"

"உங்க முகம் இப்படி ஆகும்னுதான்."

அவர் சாமான் சீட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "எழுதிக் குடு. வாசிக்கிறேன்."

பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் செருகினேன்.

"சீட்டு வேணாம் இக்கா. அதே குரல்ல, உங்க பேரைச் சொல்லி, யோசிக்காம வாசிச்சுட்டேன், அது பொய்னு நீங்களே சொல்லுங்க. நாளைக்குப் புதன்கிழமை."