கோணலாக ஒரு குழி

"வாப்பா, தம்பி மட்டும் என்னத்துக்குக் கோணலாப் படுத்திரிக்கிறார்?"

ரிஃப்னா நாலு வயதில் கேட்டது. அப்போது அவர்கள் ஆஸ்திரேலியாவில், மரன்டூல் என்ற கோதுமை ஊரில் இருந்தார்கள். அவள் வாப்பா ஜவ்ஃபருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் ஆடு அறுக்கும் வேலை. பிறந்த அன்றே மவுத்தான மகனை அடக்க அந்த வட்டாரத்தில் முஸ்லிம் மையவாடி இல்லை. கிளிபோட் என்ற விவசாயி ஊர் மயானத்தில் தன் குடும்பத்துக்கென வைத்திருந்த நிலத்தில் இடம் கொடுத்தார். பிள்ளையின் முகம் தொழும் திசையான கிப்லாவை நோக்க வேண்டும் என்று ஜவ்ஃபர் கை நீட்டிக் காட்டியதும், நேர்வரிசைக் கல்லறைகளுக்குக் குறுக்கே கயிறு பிடித்து, கிளிபோட் தானே குழி வெட்டினார். தனக்கு நேராக உழச் சொல்லித்தந்த அப்பா பக்கத்துக் கல்லறையிலிருந்து எழும்பி வந்து ஏசப்போகிறார் என்று ஆங்கிலத்தில் பகிடி சொன்னவர், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொழிற்சாலை மூடியதும் மனைவி ஸபீராவின் அண்ணன் இருந்த, கனடாவின் டொரொன்டோவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகான மரன்டூலின் சரித்திரம் பெருநாள்தோறும் கிளிபோட்டின் தொலைபேசியில் வந்தது. ரயிலுக்காகப் பிறந்த ஊர் அது. ரயில் நின்றது. மழை பொய்த்தது. வங்கி போனது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். எல்லாம் சொல்லி முடித்து, "பையன் நலம், புல் வெட்டிவிட்டேன்" என்பார்.

இந்த முறை பேசியது அவருடைய மகள். அப்பா இறந்துவிட்டார், பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகிறேன் என்றாள்.

டொரொன்டோவின் மல்வேர்ன் பகுதி வீட்டில் ஸபீராவின் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இனி நம்மட புள்ளைக்கி அங்க யார் இரிக்கா?"

"அல்லாஹ் இரிக்கான்," என்றார் ஜவ்ஃபர்.

"அவன் இரிக்கான்தான். புல்லு வெட்ட ஆள் வேணுமே."

"உம்மா, டிக்கெட் பார்க்கட்டா? ஐ'ம் சீரியஸ்," என்றாள் ரிஃப்னா.

"போய் ஒருக்கா வெட்டுவோம். அதுக்குப் பொறகு?"

கிளிபோட்டுக்குத் தான் எதையும் திருப்பிச் செய்யும் முன்பே அந்த மனிதர் போய்விட்டார் என்பதுதான் ஜவ்ஃபரின் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் காலை அஜின்கோர்ட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில், ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வான் வண்டியை நிறுத்தினார். பல கற்களுக்கு மலர்வளையம் இருந்தது, பனியில் காலடித் தடம் இருந்தது. வேலியோரம் ஒரு கல்லுக்கு இரண்டும் இல்லை. பாதிவரை பனிக்குள் புதைந்திருந்தது.

பிஸ்மி சொல்லிக் குனிந்தார். கையுறையால் பனியைத் தள்ளினார். எழுத்துக்குள் இறுகிய பனிக்கட்டியை கையுறையைக் கழற்றி, விரல் சூட்டில் உருக்கினார். யாரோ ஒரு பெண்ணின் பெயர். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. கல்லின் கால்மாட்டில், இத்தனை வெள்ளைக்கு நடுவே, பழுப்புப் புல் கொஞ்சம் வெளியே வந்து காற்றில் ஆடியது.