முதுகில் ஐந்து விரல்

மற்றவர்களுக்குக் கண்ணாடி போட்டுவிடுவது என் பிழைப்பு. கடைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியைத் தெருவில் நின்றே வாசித்துவிடுவேன். பார்வைக் கூர்மை ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பாடம். மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தையும் கல்யாணமான பதினெட்டு வருஷமாக இப்படி மனப்பாடமாகத்தான் பார்த்துவந்திருக்கிறேன் என்பது அருங்காட்சியகத்துக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

உள்ளங்கை அகலப் பத்திரிகைத் துணுக்கு அது. எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்திருந்த சுவரை இடித்த நாளில் எடுத்தது. ஒரு பெண்ணின் முதுகு. அவள் தோளில் முகம் புதைத்திருக்கும் சாம்பல் நிறக் கோட்டுக்காரர். பெண் என் மாமியார், கோட்டு என் மாமனார். குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அடுத்த வருஷம் பிறந்த என் மனைவிக்கு அந்தப் படம்தான் பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

மாமனார் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை ஷிஃப்டுக்கு ஊரின் அந்தப் பக்கம் போனார். மதியத்துக்குள் பாதையை அடைத்துவிட்டார்கள். திரும்பி வரப் பதினொரு வருஷம் ஆயிற்று. "உங்க மாமா ஒரு தடவை வேலைக்குப் போயிட்டு லேட்டா வந்தார்" என்பார் மாமியார். நான்காவது வருஷம் அவரிடமிருந்து வந்த கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. "வலது கை ஆள்காட்டி விரல் மில்லில் போய்விட்டது. மற்றபடி சௌக்கியம்."

சுவர் இருந்த காலத்தைப் பற்றிய கண்காட்சிக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள். அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களாம். 'படத்தில் கட்டிப்பிடித்திருப்பது நான்தான்' என்று மாமனார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், இருவர் பெயரையும் பித்தளைப் பலகையில் பொறித்து அன்றைக்கே கீழே மாட்டிவிடுவார்கள். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "ஒரு நிமிஷம் விடாம வீடியோ எடுங்க. கல்யாண நாள் மாதிரி சொதப்பிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

உள்ளே நுழைய இரண்டு வாசல், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நான் எதில் நுழைந்தேனோ, பத்து நிமிஷம் சுற்றிக் கழிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு காவலர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். ஒருவழியாகப் படத்தின் முன்னால் வந்து போனைத் தூக்கினேன்.

மாமியார் முதுகில் இருந்த வலது கை என் தலையைவிடப் பெரிதாக இருந்தது. அதில் ஐந்து விரல்.

திரும்ப எண்ணினேன். ஐந்து. சந்தேகத்துக்கு என் கையை எண்ணிப் பார்த்தேன். அதுவும் ஐந்து. கணக்கு சரியாகத்தான் வருகிறது. மனுஷன்தான் சரியாக வரவில்லை.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, எண்ணி முடிச்சாச்சா?"

"மாமா... இது..."

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க. நல்லா தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "அது நான் இல்ல. மில்லுல எல்லாருக்கும் ஒரே கோட்டு. கூட்டத்துல ஆள் மாறிடுச்சு. அவன் விலகினதும் நான் போய்ப் பிடிச்சுக்கிட்டேன். அழுத அழுகையில அவளுக்கு அதுகூடத் தெரியல. மறுநாள் பேப்பர்ல வந்ததும் நான்தான்னு சொல்லிட்டேன். அவகிட்ட மூச்சு விடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். காட்சிப் பொறுப்பாளரான பெண் வந்து, குரல் பதிவு செய்யவேண்டும் என்று அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். அதற்காகவே காத்திருந்த மாதிரி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் என் சட்டைக் கையை இழுத்தார்.

"மாப்பிள்ளை, அந்தத் தாளை எங்கயாவது தொலைச்சிடுங்களேன். உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

"ஏன் அத்தை?"

"அது உங்க மாமா இல்ல."

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன்.

"கோட்டைப் பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கிட்டேன். முதுகுல அஞ்சு விரல் பட்டுச்சு. லெட்டர்ல ஒண்ணு போயிடுச்சுன்னு எழுதியிருந்தாரே, உடனே தெரிஞ்சிடுச்சு. ஆனா அந்த ஆளு தேம்பித் தேம்பி அழறான். பாதியில தள்ளிவிட மனசு வரல. அப்புறம் உங்க மாமா வந்தார், அவரையும் கட்டிக்கிட்டேன். அவர் எதையும் பார்க்கல, பாவம். படத்துல இருக்கறது தான்தான்னு நெனச்சிட்டு இத்தனை வருஷமா பெருமைப்பட்டுட்டிருக்கார். அவர்கிட்ட மூச்சு விடாதீங்க."

இதற்கும் தலையாட்டினேன். ஆக, மாமியாருக்குத் தெரியாது என்று மாமனாருக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரியாது என்று மாமியாருக்குத் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்ட எனக்கோ ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டால் பொய் பித்தளையில் ஏறிவிடும். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தாளைத் தொலைக்கலாம் என்றால் அது பொறுப்பாளர் கையில் இருக்கிறது. என் கையில் இருந்தது போன் மட்டும்தான்.

தப்பித்தால் போதும் என்று, வீடியோ எடுக்கிற சாக்கில் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தேன். படம் அங்கே முடியவில்லை. சுவரின் மூலை திரும்பி அடுத்த பக்கத்திலும் ஓர் ஆள் அகலத்துக்கு ஒட்டியிருந்தார்கள். பத்திரிகையில் வெட்டிவிட்ட பகுதி போலிருக்கிறது. அங்கே கயிறு கட்டிய தகரப் பெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். பெட்டியின் மூலையில் நசுங்கல்.

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"அத்தை! நம்ம வீட்டுல டிவி வச்சிருக்கோமே, மாமா கொண்டுவந்த அந்தப் பெட்டி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் மாமியார் மூலை திரும்பி வந்துவிட்டார். நான் செய்துகொடுத்த புதுக் கண்ணாடி வேறு. பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த நாலு விரல் கையைப் பார்த்தார். கட்டிப்பிடித்து நின்றவர்களை நோக்கியிருந்த அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்.

பின்னால் மாமனார் வந்து நின்றார். பொறுப்பாளர் கையில் தாளும் பேனாவும்.

"இங்கதான் நின்னுட்டிருந்தீங்களா?" என்றார் மாமியார் திரும்பாமலே.

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கடையில் எந்தப் பவரிலும் கிடைக்காத பார்வை.

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"நீ அழுதுட்டிருந்த. நடுவுல கூப்பிட ஒரு மாதிரி இருந்துச்சு." பிறகு மெதுவாக, "உனக்கும் தெரியுமா?"

"விரல எண்ணத் தெரியாதா எனக்கு?"

மாமியார் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, படத்தில் பெட்டிக் கயிற்றைப் பிடித்திருந்த கையின்மேல் வைத்து அழுத்தினார். தொடக்கூடாது என்று பலகை இருந்தது. பொறுப்பாளர் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

"சார், கையெழுத்து..." என்றார் பாவமாக.

"தாள்ல இருக்கறது தப்பும்மா. என் வீட்டுக்காரர் இவர்தான்" என்றார் மாமியார். "பலகைய இந்தப் பக்கம் மாட்டுங்க."

"அப்போ உங்களைக் கட்டிப்பிடிச்சிட்டிருக்கறவர் யாரும்மா?"

"தெரியல. அவரைக் கூட்டிட்டுப் போக யாராவது வந்தாங்களான்னும் தெரியல." மூலையைத் தாண்டி எட்டி அந்த ஐந்து விரல்களைப் பார்த்தார். "வந்திருப்பாங்க."

பொறுப்பாளர் எழுதுவதா, அடிப்பதா என்று தெரியாமல் பேனாவோடு நின்றார். அந்தக் கூடத்தில் எனக்குத் துணையாக ஒருவராவது கிடைத்தாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். முழு வீடியோவையும் ஓடவிட்டாள். காமிரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. இருபத்து மூன்று நிமிஷமும் என் மூஞ்சி மட்டும்தான். பின்னால் எங்கோ அவள் அப்பா அம்மா குரல்.

திட்டப்போகிறாள் என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டாவது தடவையும் கடைசிவரை பார்த்தாள்.

"நீங்க எதுக்கு அழறீங்க?" என்றாள்.

அதுதான் எனக்கும் புரியவில்லை.