அக்காவின் சிவப்பு சைக்கிள்கள்

அக்கா கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் தம்பியுமாக அந்த மாடி வீட்டிலேயே இருந்தவர்கள். தம்பி செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தான். அக்கா மருந்துக் கடையில் இருந்தாள். "இனிமே எனக்கெதுக்குடா கல்யாணம்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், மனைவியை இழந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் சரி என்றுவிட்டாள். அவருடைய ஊர் ரயிலில் அரைநாள் தூரம்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்காவும் தம்பியும் ஆடுவது சைக்கிள் பந்தய ஆட்டம். அட்டையில் வளைந்து நெளிந்து, மேடு ஏறி இறங்கி ஒரு பாதை. ஆளுக்கு இரண்டு சைக்கிள். எண் போட்ட சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பி, அத்தனை கட்டம் நகர்த்த வேண்டும். போட்ட சீட்டு திரும்ப வராது. எல்லாருக்கும் முன்னால் போகிற சைக்கிளுக்கு எதிர்காற்று. அதற்கு, மிகச் சின்ன எண் போட்ட ஒரு களைப்புச் சீட்டு சேரும். இன்னொருவர் முதுகில் ஒட்டிக்கொண்டு போனால் களைப்பு கிடையாது.

தம்பிக்குப் பச்சை. கடைசி வளைவு வரை ஒட்டிக்கொண்டே போய்ப் பாய்வான். அக்காவின் சிவப்பு முதல் சுற்றிலேயே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். "பதுங்கிப் பதுங்கி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பாடா?" என்பாள். பெரும்பாலும் தோற்பாள். ஜெயித்துவிட்டாலோ, வீடு கொள்ளாது.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு இரண்டு பக்கமும் அவனே ஆடினான். சிவப்புக்குப் பெரிய சீட்டை முதலிலேயே போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், கைதான் வரவில்லை. கொஞ்ச நாளில் சிவப்பும் பச்சையைப் போலவே பதுங்க ஆரம்பித்தது. யார் ஜெயித்தாலும் சிரிக்க ஆளில்லை. பாதி ஆட்டத்தில் அட்டையை மடித்து வைத்தான்.

விடுமுறை சேர்ந்து வந்தபோது பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான்.

அக்கா கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். சாப்பாடு முடிந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "ஏங்க, வாங்க, நீங்களும் ஆடுங்க. இவனை நம்பாதீங்க, ஒட்டுண்ணி!"

மாமா நீல சைக்கிள்களை எடுத்துக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"என் பின்னாடியே வாங்க, போதும்."

முதல் சுற்றில் தம்பி சின்னச் சீட்டைப் போட்டான், அக்கா பறந்துவிடுவாள் என்று. அவளும் சின்னச் சீட்டுதான் போட்டிருந்தாள். அடுத்த சுற்றும் அப்படியே. மாமா எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே சிவப்பு போனது. சுற்றுக்குச் சுற்று களைப்புச் சீட்டை அவள் வாங்கிக்கொள்ள, நீலம் அவள் முதுகில் சொகுசாக வந்தது. இத்தனை வருஷத்தில் அவனுக்காக அவள் ஒரு கட்டம்கூடக் குறைத்துப் போனதில்லை. அவன் கேட்டதும் இல்லை.

ஏறக்குறையப் பாதி வழியில் தம்பி கையிலிருந்த பெரிய சீட்டைப் போட்டான். பச்சை தனியாக முன்னால் போனது. களைப்பு சேர்ந்தது. மறுபடியும் பெரிய சீட்டு, மறுபடியும் களைப்பு. மேட்டுக்கு வந்தபோது கையில் களைப்பைத் தவிர ஒன்றுமில்லை. சிவப்பும் நீலமும் அவனைத் தாண்டிப் போயின. எல்லைக் கோட்டை முதலில் தொட்டது நீலம்.

மாமா குழந்தை போல் கை தட்டினார். அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா ஆச்சு உனக்கு? இப்படி ஆட மாட்டியே?"

"சும்மா ஆடிப் பார்த்தேன்க்கா."

மறுநாள் கிளம்பும்போது பெட்டியை அலமாரி மேல் வைத்தான். "இங்கயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் ஆள் இருக்கு."

"அப்ப உனக்கு?"

"எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ரயிலடி வரை கூடவே வந்தாள். ரயில் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். "பசிக்கும்போது சாப்பிடு. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு."

வண்டி நகர்ந்து அவள் மறைந்ததும், பசியே இல்லாமல், பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினான்.