இரண்டு முறை படிக்கும் சில்லு

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கான புரோட்டான் கதிர் அறைக்கு நோயாளிகள் வருவதில்லை. அதனால்தான் ஃபஸீலாவுக்கும் யதீசனுக்கும் அன்று காலை அங்கே இடம் கிடைத்தது. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது கிளமெண்டியில் ஒரே ஆய்வுக்கூடத்தில் செயற்கைக்கோளுக்கான நினைவகச் சில்லு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கமான நினைவகம் தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கும். விண்வெளிக் கதிர் பட்டால் அது மாறிப்போகலாம். இவர்களுடையது காந்தத் திசையாக வைத்திருந்தது. கதிரால் அதை லேசில் அசைக்க முடியாது. தகவலைத் தாங்கும் காந்த செல்கள் ஃபஸீலாவின் வேலை. அவற்றில் இருப்பதைப் படித்துச் சொல்லும் சுற்று யதீசனுடையது. அதன் வேகத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அதைச் சோதிக்கச் சில்லின் மேல் கதிரைத் திறந்ததும் முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையில் ஒரு பிழை வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அப்புறம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தன. காந்தம் திரும்புகிறது, கோளாறு செல்லில்தான் என்றான் யதீசன். அவன் சொல்வது உண்மையானால் சில்லை முதலிலிருந்து செய்ய வேண்டும். செயற்கைக்கோளோ வருடக் கடைசியில் கிளம்பிவிடும்.

ஃபஸீலா கதிரை இயக்குபவரிடம் நிறுத்தச் சொன்னாள். புதிதாக எதையும் எழுதாமல், இருந்ததை அப்படியே மறுபடி படித்துப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் படித்தாள். எழுதியது எழுதியபடியே இருந்தது.

நினைவகம் எதையும் மறக்கவில்லை. கதிர் பட்ட கணத்தில் படிக்கும் சுற்றுதான் தடுமாறியிருக்கிறது. அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. யதீசன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சாப்பிடப் போகலாம் என்றான்.

லிட்டில் இந்தியாவில் வழக்கமான கடையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கோளாறு தன் செல்லில் இல்லை என்று தனக்குள் வந்த நிம்மதி ஃபஸீலாவுக்கே பிடிக்கவில்லை. வழியில் ரயிலில் யோசித்து வந்ததைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. சில்லைத் தொட வேண்டியதில்லை, மென்பொருளை மாற்றினால் போதும்.

"அப்போ என் ஸ்பீட் பாதியாயிடும் லா," என்றான் யதீசன்.

"ஆமா."

"ஒரு வருஷம் அதுக்குத்தானே உட்கார்ந்தேன்."

"தெரியும் யதீ. பக்கத்துல நானும்தானே இருந்தேன்."

அவன் தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள்.

"மேலே போய் தப்பாப் படிச்சா, அதைத் திருத்த அங்க யாரும் இல்ல," என்றான் கடைசியில். "நானே மாத்துறேன். நீ கை வைக்காதே."

சொன்னபடியே அந்த வாரம் முழுக்க அவனே உட்கார்ந்து மாற்றினான். ஒத்துவராத இடங்களைத் தனியாகக் குறித்துவைக்கும் வசதியையும் சேர்த்தான். அது ஃபஸீலாவுக்குத் தோன்றாதது.

அடுத்த ஞாயிறு மறுபடி கதிரை விட்டார்கள். உள்ளே சுற்று அவ்வப்போது தடுமாறியது, மூன்றாம் வாசிப்பில் சரியானது. வெளியே வந்த பதிலில் பிழையே இல்லை. கதிர் போன வார அளவைத் தாண்டியதும் ஃபஸீலா போதும் என்று கையைத் தூக்கினாள்.

யதீசன் கதிரை இயக்குபவர் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னான்.