கார் மறையும் வரை

காலையில் கடை திறப்பதற்கு முன் நான் காராக இருந்தேன். இரண்டு கைகளாலும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாகன நிறுத்தத்தின் குறுக்கே மெதுவாக நடக்க வேண்டும். சாலையோரம் வந்ததும் சிக்னலுக்காகக் காத்திருப்பதுபோல் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் கண்ணை மட்டும் உயர்த்தலாம். பின்னால் கடை வாசலில் மேனேஜர் ஹோசோதானியும், என்னோடு மேஜை பார்க்கும் சிஹாருவும், சமையல்காரர் நுமதாவும் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். மற்ற கடைகளில் காலைப் பயிற்சி என்றால் வரவேற்பு வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். எங்கள் மேனேஜருக்கு வரவேற்பதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பசித்தவன் எப்படியும் வருவான், கடையின் மரியாதை வழியனுப்புவதில்தான் இருக்கிறது என்பார். அன்று தலைமை அலுவலகத்து ஆள் அவருடைய வேலைக்கே சோதனை வைத்திருந்த சனிக்கிழமை. இன்று மட்டும் இதெல்லாம் வேண்டாமே என்று சிஹாரு கெஞ்சிப் பார்த்தாள். பயிற்சிக்குத் தடையில்லையே என்று சொல்லிவிட்டார். "மொகாமி சான், இண்டிகேட்டர் போடாம திரும்பிட்டீங்க" என்று பின்னாலிருந்து எனக்கு மேனேஜரின் குரல் வந்தது. குனிந்த தலையோடு எப்படித்தான் பார்த்தாரோ.

எங்கள் கடையின் பெயர் ஹிதமாரி. வெயில் விழும் இடம் என்று பொருள். நீகாத்தாவின் இந்தக் கடற்கரையில் நவம்பர் பிறந்துவிட்டால் வெயிலைப் படத்தில்தான் பார்க்க வேண்டும், அதனால் வெளியூர்க்காரர்கள் பெயர்ப்பலகையைப் படித்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். லாரிக்காரர்களும் குழந்தை குட்டிக்காரர்களும் வண்டியை நிறுத்திச் சாப்பிடும் சாதாரண உணவகம். ஆம்லெட் சாதம், சோள சூப், இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஸ்டேக். சாதாரணமில்லாதது மேனேஜர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான நெட்டை மனிதர். காலையில் சூப்பை ஒற்றைக் காலில் நின்றுதான் ருசி பார்ப்பார். இரண்டு காலும் தரையில் இருந்தால் நாக்கு சோம்பேறியாகிவிடுமாம். தலைமை அலுவலகம் அனுப்பியிருந்த, பூனை முகம் போட்டுத் தானே நகர்ந்து தட்டு சுமக்கும் இயந்திரம் எதிரே வந்தால் ஒதுங்கித் தலை வணங்குவார். எதிரே ஆள் நின்றால் அதுவும் நின்று வணக்கம் சொல்லும். இருவரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டு நடைவழியை அடைத்திருக்க, நான் சூடான தட்டுகளோடு பின்னால் நின்று பல்லைக் கடித்த நாட்கள் உண்டு.

விருந்தாளி கண்ணிலிருந்து மறையும் வரை வாசலில் குனிந்து நிற்பது எங்கள் பக்கம் புதிதல்ல. வெந்நீர் ஊற்று விடுதிகளில் செய்வார்கள், விலை உயர்ந்த துணிக்கடைகளில் செய்வார்கள். ஆனால் மலிவான மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஹோசோதானி எல்லோருக்கும் செய்தார். வாகன நிறுத்தத்தின் நடுவுக்கே போய் இடுப்பை மடித்து நின்றுவிடுவார். அங்கிருந்து சாலை கடலோரமாக நேரே போய் மலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. நடுவில் ஒரு சிக்னல். துறைமுகத்து வண்டிகளுக்காக அது சிவப்பில் நின்றால் நின்றதுதான். அத்தனை நேரமும் மேனேஜர் நிமிர மாட்டார். சிக்னலில் மாட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தில் நெளிவார்கள். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "போறவங்க ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பாங்க மொகாமி சான். அப்ப அங்க ஆள் இல்லன்னா, சாப்பிட்டது வயித்துலயே ஆறிப்போயிடும்" என்றார், ஏதோ உணவுத் துறை விதியைச் சொல்வதுபோல.

நான் சிரிக்கவில்லை. கணவரைப் பிரிந்து இந்த ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் மீன் பதனிடும் ஆலையில் வேலை கேட்டுப் போனேன், கையை விரித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் இங்கே ஆம்லெட் சாதம் சாப்பிட்டேன். ருசி நினைவில்லை. கிளம்பி சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் மழையில் குனிந்து நிற்பது தெரிந்தது. வேறு யாருக்கோ என்று நினைத்தேன். சாலையில் என்னைத் தவிர யாருமில்லை. பச்சை விழுந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இங்கே வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

அதற்காக அவரைத் திட்டாமல் இருந்தேன் என்றில்லை. மதியக் கூட்டத்தில் கல்லாவில் ஆள் இல்லாமல் வரிசை வாசல் வரை நீளும்போது திட்டாமல் என்ன செய்வது? போன மாதம் மலையடிவாரக் கோயிலின் பிக்கு சாப்பிட வந்தார். கிளம்பும்போது காருக்குள் உட்கார்ந்தவர், எதிரில் ஒருவர் குனிந்திருக்கையில் வண்டியை எடுப்பது முறையல்ல என்று தாமும் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் குனிந்துகொண்டார். வண்டி கிளம்புமுன் நிமிர்வது முறையல்ல என்று இவரும் அப்படியே நின்றார். உள்ளே பில் கட்டக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியருகே வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் நுமதா கரண்டியும் கையுமாக வெளியே போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார். "சாமி, புண்ணியமாப் போகும், வண்டிய எடுங்க. உள்ள என் கறி அடிபிடிக்குது." வரிசையில் நின்ற யாரோ ஒருவர் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

அதன் பேரில்தான், இந்த வட்டாரக் கடைகளை மேற்பார்க்கும் இவாசே செவ்வாய்க்கிழமை வந்தார். குரல் உயர்த்தாமல் பேசும் மனிதர். கத்துபவர்களைவிட அவரிடம்தான் எல்லாக் கடைகளும் நடுங்கும். உத்தரவு எளிமையானது. கதவுக்கு உள்ளே, மிதியடிமேல் நின்று, மூன்று எண்ணும் வரை ஒரு வணக்கம், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்து பார்ப்பார். மேனேஜரின் கால் கதவைத் தாண்டினால் அடுத்த மாதத்திலிருந்து அவருக்குக் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அங்கே வாடிக்கையாளர்கள் வருவதில்லை, பெட்டிகள்தான் வந்து போகும். "சரி சார்" என்றார் ஹோசோதானி.

அன்று சமையலறையில், "அங்க போய் யாருக்குக் குனிவாரு? உறைஞ்சுபோன எறாலுக்கா?" என்று நுமதா கேட்டார். சிஹாருவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்து அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நாளைக்கே வேறொரு மேனேஜர் வந்து, கல்லாவில் ஒழுங்காக நின்று, சூப்பை இரண்டு காலில் ருசி பார்த்தால் இந்த இடம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் போய்விடக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் போட்டோம். மேனேஜர் கல்லாவையும் மிதியடியையும் விட்டு நகரக் கூடாது. கதவருகே சிஹாரு காவல். வணக்கம் முடிந்ததும் நுமதா உள்ளேயிருந்து ஏதாவது சந்தேகம் கேட்டு அவரைக் கூப்பிட வேண்டும். இவாசே மூலை மேஜையில் உட்கார்ந்து ஸ்டேக் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதல் குடும்பம் கிளம்பியது. மேனேஜர் மிதியடிமேல் நின்று குனிந்தார், மூன்று எண்ணி நிமிர்ந்தார். வெளியே கார் நகரும் சத்தம் கேட்டபோது அவர் முகம் தும்மல் வந்து பாதியில் நின்றுபோனவர் முகம்போல் ஆனது. கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கால் மட்டும் தாண்டவில்லை.

எங்கள் திட்டத்தில் இல்லாத தொல்லை வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. தினமும் வரும் மீனவர் ஒருவர் காரில் ஏறப் போனவர் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நேரே கடைக்குள் வந்து, மேனேஜருக்கு உடம்புக்கு என்ன என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். கிளம்பிப் போன லாரிக்காரர் ஒருவர் சிக்னல் வரை போய்விட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கல்லாவில் ஹோசோதானி நிற்பதைப் பார்த்ததும், "உயிரோடதான் இருக்கீங்களா? நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவாசே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மதியக் கூட்டம் ஒருவழியாகக் கலைந்தது. கடைசி வாடிக்கையாளருக்கும் மிதியடிமேல்தான் வணக்கம். இவாசே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா, முடியுதுல்ல? இதே மாதிரி இருங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சிஹாரு என் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவர் தன் சாப்பாட்டுக்குத் தானே பில் கட்டி, கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவிடுக்கிலிருந்து நுமதாவின் கை நீண்டு என் கையில் ஒரு பிடி உப்பைத் திணித்தது. வேண்டாத விருந்தாளி போனதும் அவன் மறுபடி வராமலிருக்க வாசலில் உப்பைத் தூவிவிடுவது வழக்கம். கார் நகர்ந்ததும் தூவலாம் என்று கையை மூடிக்கொண்டு கதவருகே போய் நின்றேன்.

வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. இவாசே கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். பின்னாலேயே ஈரத் தரையில் இன்னொரு ஜோடி காலணிகளின் சத்தம். சிஹாரு கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அதற்குள் ஹோசோதானி கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, வாகன நிறுத்தத்தின் நடுவில் போய் இடுப்பை மடித்துவிட்டார்.

சாலையை நோக்கி நகர்ந்த கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஹோசோதானி, என்ன இது? நான் சொன்னது மறந்துபோச்சா?"

"ஞாபகம் இருக்கு சார்." குனிந்த தலை நிமிரவில்லை. "ஆனா நீங்களும் சாப்பிட்டீங்கல்ல?"

இவாசே காருக்குள்ளிருந்து கையை நீட்டிக் கடையைக் காட்டினார். "உள்ள போங்க. நனையறீங்க."

"நீங்க கெளம்புங்க சார். போயிடறேன்."

"நீங்க உள்ள போனாத்தான் நான் கெளம்புவேன்."

அதற்கு மேனேஜர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். காரின் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது, என்ஜினும் நின்றது. கதவைத் திறந்துகொண்டு இவாசே இறங்கினார். கோட்டு வண்டிக்குள்ளேயே கிடந்தது. திட்டத்தான் வருகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் காரின் பக்கத்திலேயே நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, குனிந்தார். மூன்று எண்ணினேன். அவர் நிமிரவில்லை.

கைக்குள் உப்பு உறுத்தியது. இந்த மனிதர் மேற்பார்க்கும் கடைகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் இவர் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி கையை மூடிக்கொண்டு நின்றிருப்பாள். கண்ணாடியில் பார்த்தால் மூடிய கதவு மட்டும் தெரிந்திருக்கும்.

நுமதா கரண்டியோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சாமிக்குச் சொன்ன மாதிரி போய்ச் சொல்லட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்க" என்றேன்.

மிதியடியைத் தாண்டி வெளியே வந்தேன். இரண்டு பேரின் முதுகிலும் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. தூரத்துச் சிக்னல் யாருக்காகவோ பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையானது. நானும் மேனேஜருக்குப் பின்னால் நின்று குனிந்தேன். மூடிய விரல்களின் இடுக்கு வழியே உப்பு ஈரத்தில் கரைந்து சொட்டத் தொடங்கியது.